கடலூர் உப்புக்காத்துல பார்க்கிங் சென்சார், என்னோட அனுபவம்

வீடு தேவனாம்பட்டினம் பக்கம், கடல் கூப்பிடு தூரம். வண்டி வெயிலோ மழையோ வாசல்லதான் நிக்கும். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாடி எதாவது இருந்தா பீப் அடிச்சு சொல்ற சென்சார் பின் பம்பர்ல நாலு, கம்பெனிலேர்ந்தே வந்தது. 2019 ஜூலைலேர்ந்து நம்ம நாட்டுல புது காருக்கெல்லாம் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம்ங்கறதால இப்ப பேஸ் மாடல்லயே இருக்கு, ஆனா மக்கர் பண்ணா எங்க கை வைக்கணும்னு யாரும் சொல்லித் தர்றதில்ல, அதான் எழுதறேன்.

மொத சில வருஷம் ஒரு குறையும் இல்ல. ஞாயித்துக்கிழமை பாண்டி போயி காந்தி வீதி சண்டே மார்க்கெட் பக்கத்துல பைக்குங்களுக்கு நடுவுல வண்டிய சொருகும்போதெல்லாம் நல்லாவே கை கொடுத்துச்சு. 2024 நவம்பர் கடைசில ஃபெஞ்சல் புயல் அடிச்சுதே, அந்த மழைக்கு அப்புறம்தான் தகராறு. ரிவர்ஸ் போட்டா பின்னாடி ஒண்ணுமே இல்லாம நீட்டா ஒரு பீப், அதோட கப்சிப். மதியம் நல்லா காஞ்சதும் ஒழுங்கா வேலை செய்யும், விடியக்காலை பனி ஈரத்துல மறுபடி அதே கதை.

காட்டின எடத்துல "நாலும் போச்சு சார், செட்டா மாத்திடலாம்"னாங்க. எனக்கு மனசு ஒப்பல. செத்துப்போன சென்சார் மதியத்துல மட்டும் எப்படி உயிரோட வரும்? அதுவுமில்லாம நெறைய வண்டில ஒரே ஒரு சென்சார் பதில் சொல்லலன்னாலே கன்ட்ரோல் யூனிட் பீப் எச்சரிக்கை மொத்தத்தையும் நிறுத்திடும், பாக்கறவங்களுக்கு நாலும் போன மாதிரிதான் தெரியும்.

திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட போனேன். அவரு டூல் எதையும் எடுக்கல. சக்கரத்துக்கு கல்லு வச்சு, எஞ்சின் ஆஃப், இக்னிஷன் மட்டும் ஆன், ரிவர்ஸ் கியர் போடச் சொன்னாரு. "தம்பி, ஒவ்வொண்ணுகிட்டயும் காத வச்சு கேளு"ன்னாரு. சென்சார் விடுற சத்தம் சுமாரா 40 கிலோஹெர்ட்ஸ், அது நம்ம காதுக்கு எட்டாது, ஆனா விட்டு விட்டு அடிக்கறதால டிக் டிக்னு மெல்லிசா ஒரு துடிப்பு கேக்கும். விரல வச்சாலும் தெரியும். மூணுல கேட்டுச்சு, டிரைவர் பக்கத்து ஓரத்துல இருக்கறதுல ஒண்ணுமே இல்ல.

இத்தோட சென்சார் போச்சுன்னு முடிவு கட்டக்கூடாது, ஒயர்ல கரன்ட் வராட்டியும் இப்படித்தான் இருக்கும். அதனால பம்பர கழட்டி அந்த சென்சாரையும் பக்கத்து சென்சாரையும் எடம் மாத்தி மாட்டிப் பாத்தாரு. கோளாறு அதே ஓரத்துலயே நின்னுச்சு. அப்ப சென்சார் நல்லாருக்கு, ஒயர சென்சாரோட சேர்க்கற கப்ளர்தான் வில்லன். பிரிச்சா உள்ள பின்னுல பச்சையா களிம்பு, சுத்தி வெள்ளையா உப்பு, தண்ணி போகாம தடுக்கற ரப்பர் சீல் வெடிச்சுக் கெடந்துச்சு. காண்டாக்ட் கிளீனர் அடிச்சு, பழைய பிரஷ்ஷால தேச்சு, நல்லா காயவிட்டு, புது சீல் போட்டு, ஈரம் ஏறாம காக்கற டைஎலக்ட்ரிக் கிரீஸ் தடவி மூடினாரு. அன்னிக்கே சரியாயிடுச்சு, சென்சாருக்குன்னு ஒரு பைசா செலவில்ல.

அப்புறம் கொஞ்ச மாசம் கழிச்சு நடுவுல ஒண்ணு போச்சு. இந்த தடவ எடம் மாத்தினதும் கோளாறும் சென்சார் கூடவே போச்சு, அது நெசமாவே செத்தது, அத மட்டும் மாத்தினோம். மாத்தறவங்க பார்ட் நம்பர் ஒத்துப் பாத்து வாங்குங்க. பம்பர் கலருக்கு பெயின்ட் அடிக்கறதா இருந்தா மெல்லிசா ஒரு கோட்டு போதும், கெட்டியா அடிச்சா முன்னாடி இருக்கற தகடு ஒழுங்கா அதிராது. சென்சார சுத்தி இருக்கற சிலிகான் ரிங்கும் காய்ஞ்சிருக்கான்னு பாத்துடுங்க, அது சரியில்லன்னா அதிர்வு பம்பர்ல ஏறி சும்மாவே கத்தும்.

வெளில வாங்கி மாட்டின கிட்டுன்னா பம்பர கழட்டவே வேணாம். டிக்கில இருக்கற பாக்ஸ்ல பெரும்பாலும் ஏ பி சி டின்னு போட்ருக்கும், அங்கயே ரெண்டு ஒயர மாத்தி சொருகிப் பாக்கலாம். ஆனா அதுல கோளாறு கூடவே போச்சுன்னா சென்சாராவும் இருக்கலாம், நடுவுல வர்ற ஒயராவும் இருக்கலாம்.

இப்ப கழுவும்போது பிரஷர் வாட்டர சென்சார் கிட்ட அடிக்க விடறதில்ல, மழைக்காலத்துக்கு முன்னாடி கப்ளர ஒரு தடவ தொறந்து பாத்துடறேன். மெல்லிசான கம்பியும் துணி மூடின பொருளும் சென்சாருக்கு சரியா தெரியாது, அதுக்கு திரும்பித்தான் பாக்கணும். மத்தபடி போன மழைல ஒரு நாள் கூட மக்கர் பண்ணல.