பர்ஜெஸ் ஷேல் வழிகாட்டி நடை: வால்காட் குவாரியா, ஸ்டீஃபன் மலையா?

கனடாவின் ராக்கி மலைத்தொடரில், யோஹோ தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் பர்ஜெஸ் ஷேல் புதைபடிவப் படுகைகளுக்கு வழிகாட்டி இல்லாமல் செல்ல அனுமதியில்லை. கனடாவின் தேசியப் பூங்காக்களை நிர்வகிக்கும் அரசு அமைப்பான பார்க்ஸ் கனடா கோடைக்காலத்தில் நடத்தும் நடைகளில் வால்காட் குவாரிக்கும் ஸ்டீஃபன் மலைக்கும் செல்பவை முதன்மையானவை. ஒன்றுக்குத்தான் நேரம் வாய்க்கும் என்றால், குவாரியையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

டகாக்கா அருவியின் அருகே தொடங்கும் அந்தப் பாதை, போய்த் திரும்ப ஏறத்தாழ 21 கிலோமீட்டர். ஏற்றம் 800 மீட்டருக்கும் மேல். விடியலில் கிளம்பினால் மாலையாகிவிடும். ஆனால் அந்த நீளமே இதன் பலம். நடக்க நடக்க எதிர்ப்படும் பாறைகளைக் காட்டி, கடல் எங்கே ஆழமற்று இருந்தது, எங்கே சட்டென்று ஆழமானது என்று வழிகாட்டி விளக்கிக்கொண்டே வருகிறார். 50.8 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடலடியில் ஒரு சுண்ணப்பாறைச் செங்குத்துச் சரிவு இருந்தது. அதன் அடிவாரத்தில் வாழ்ந்த உயிர்களை நுண்சேறு திடீர் திடீரெனச் சரிந்து மூடியதால், ஓடும் எலும்பும் இல்லாத மெல்லுடல்கள்கூட அழியாமல் பதிந்தன. இதைப் படத்தில் பார்த்துப் புரிந்துகொள்வது வேறு. வெளிறிய தடித்த சுண்ணப்பாறையையும், ஏடு ஏடாகப் பிரியும் கறுத்த ஷேல் எனும் களிமண் பாறையையும் ஒரே நாளில் கண்ணால் பார்ப்பது வேறு.

1909-இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் சார்லஸ் வால்காட் இம்மலைச்சரிவில் புதைபடிவங்களைக் கண்டறிந்தார். அவர் திரட்டிய 65,000-க்கும் மேற்பட்ட மாதிரிகள் ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் உள்ளன. குவாரியில் நம் கையில் தரப்படும் கல்லில் பெரும்பாலும் மரெல்லா என்ற சிறு கணுக்காலி இருக்கும். இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லாத அந்த உயிரி முதலில் வெறும் கறையாகத்தான் தெரிகிறது. கல்லை வெயிலுக்குச் சாய்த்ததும் கரும்படலம் பளபளத்து, பின்னோக்கி வளைந்த கொம்புகளும் சீப்புப் பற்கள் போன்ற கால்களும் துலங்குகின்றன. உடலை ஒட்டியிருக்கும் கருந்திட்டு, அது இறந்தபின் கசிந்த உடல்நீரின் தடம் என்று அறிந்தபோது நெடுநேரம் அந்தக் கல்லைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

ஸ்டீஃபன் மலை நடை தூரத்தில் பாதிகூட இல்லை. ஆனால் ஏற்றம் கிட்டத்தட்ட அதே அளவு என்பதால் மூட்டுவலி உள்ளவர்களுக்கு இறக்கம் மிகவும் கடினம். மேலே காலடிக் கற்களிலெல்லாம் ட்ரைலோபைட்டுகள் எனும் அழிந்துபோன கடல் கணுக்காலிகள் கிடக்கின்றன. தேட வேண்டியதே இல்லை. அனோமலோகாரிஸின் முன்னுறுப்புகளும் இங்கே கிடைக்கின்றன. 1892-இல் அவற்றை இறால் போன்ற ஓர் உயிரியின் உடல் என்றே விவரித்தார்கள். அவை ஒரு பெரிய வேட்டை விலங்கின் உறுப்புகள் என்பதை 1985-இல் தொல்லுயிரியலாளர்கள் விட்டிங்டனும் பிரிக்ஸும் விரிவாக நிறுவினர். புதைபடிவங்களைக் கண்ணாரக் காண்பதே நோக்கம் என்றால் இந்த மலை போதும். அடுக்குகளின் வரலாறு வேண்டுமென்றால் குவாரிதான்.

குழுக்கள் சிறியவை என்பதால் முன்பதிவைத் தாமதிக்கக் கூடாது. கோடையிலும் மேலே குளிர்காற்று வீசும்; கம்பளி உடையும் மழையாடையும் கைலென்ஸும் அவசியம். சிறு சில்லைக்கூட எடுத்து வருவது சட்டப்படி குற்றம் என்பதைக் குழந்தைகளுக்கு முன்பே சொல்லி அழைத்துச் செல்லுங்கள்.