500 பிரதிக்குப் பணம், கையில் 50 பிரதி

முதல் புத்தகத்துக்குப் பதிப்பகம் தேடுகிறவர்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் இதைப் படித்துவிடுங்கள். அண்மையில் ஏமாந்த ஒரு நாவலாசிரியரின் ஒப்பந்தத்தையும் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறோம்.

கைப்பிரதி போன மூன்றாம் நாளே "தேர்வாகிவிட்டது" என்று பதில். 300 பக்க நாவலைப் படித்து முடிவெடுக்க அந்த அவகாசம் போதாது. படிக்கவே இல்லை என்று அப்போதே புரிந்துகொள்ள வேண்டும். அடுத்த மடலில், செலவைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று ஒரு தொகை. 500 பிரதி அச்சு, மெய்ப்புத் திருத்தம், விற்பனை எல்லாம் அதில் அடக்கம் என்றார்கள். வந்து சேர்ந்தவை 50. மீதி கிடங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். அவை அச்சாகவே இல்லை.

அதிக எண்ணிக்கையில் அடிக்கும் ஆஃப்செட் அச்சு முறையில் பிளேட்டுக்கும் (அச்சுத் தகடு) இயந்திரத்தைத் தயார்செய்வதற்கும் ஆகும் செலவு எத்தனை பிரதி அடித்தாலும் ஒன்றுதான். அதனால் எண்ணிக்கை கூடக்கூடப் பிரதி ஒன்றின் அடக்கவிலை இறங்கும். பிளேட் தேவைப்படாத டிஜிட்டல் அச்சில் பத்து, இருபது என்று தேவைக்கேற்ப அடிக்கலாம். 500க்கு வசூலித்து 50 மட்டும் அடித்தால் மிச்சம் முழுக்க அவர்களுடையது. புத்தகம் விற்றாக வேண்டிய கட்டாயமே அவர்களுக்கு இல்லை, லாபம் உங்களிடமிருந்தே வந்துவிட்டது. அச்சகத்தின் பில்லைக் கேளுங்கள். கட்டுகளை நேரில் எண்ணிப் பார்த்த பிறகே கடைசித் தவணையைக் கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

அந்த 50 பிரதிகளும் சில வாரங்களில் அலையலையாக நெளிந்துவிட்டன. தாளின் இழை, அதாவது நார்கள் படிந்திருக்கும் திசை, புத்தகத்தின் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் இப்படி நெளியும், பக்கம் விறைத்து நிற்கும். திருப்பத் திருப்ப முதுகுப் பசை விட்டுவிடும். மாதிரிப் பிரதியில் ஒரு தாளை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள். நேராகக் கிழிந்தால் சரி. கோணலாகப் போனால் தாளை மாற்றச் சொல்லுங்கள்.

ராயல்டி 40 சதவீதம் என்று போட்டிருந்தார்கள். எதில் 40 என்பதுதான் கேள்வி. அச்சிட்ட விலையில் 10 சதவீதம் என்றால் 100க்கு 10, கணக்கு முடிந்தது. இவருடைய ஒப்பந்தத்தில் "நிகர வருவாயில்" என்றிருந்தது. 100இல் கடைக்காரர் கழிவு 40 போகும். மீதி 60இல் அச்சு, கிடங்கு, அனுப்பும் செலவு என்று கழித்துக்கொண்டே வந்தால் ஒன்றும் மிஞ்சாது. ஒன்றுமில்லாததில் 40 சதவீதம்தான் அவருக்கு வந்தது.

இன்னொரு விதி: "புத்தகம் அச்சில் இருக்கும்வரை" உரிமை பதிப்பகத்துக்கு. கேட்டால் ஒரு பிரதி அடித்துத் தரக்கூடிய காலத்தில் எந்தப் புத்தகமும் அச்சில் இல்லாமல் போகாது. ஆண்டுக்கு இத்தனை பிரதிக்குக் குறைவாக விற்றால் உரிமை ஆசிரியருக்கே திரும்பும் என்று எண்ணைக் குறித்து எழுதுங்கள். மொழிபெயர்ப்பு, ஒலிநூல், திரைப்பட உரிமைகளை இதோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். பதிப்புரிமை "வாங்கித் தர" தனிக் கட்டணம் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் எழுதிய கணமே அது உங்களுடையது. புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண் பதிப்புரிமைக்குச் சான்று ஆகாது. அந்த 13 இலக்கங்களுக்குள் பதிப்பாளரைக் குறிக்கும் பகுதி உண்டு. வேறு பதிப்பகத்துக்குப் போனால் புது எண் வாங்க வேண்டும்.

பக்கங்களை வடிவமைத்த லேஅவுட் கோப்பும் உங்கள் கைக்கு வர வேண்டும். நாவலாசிரியருக்குக் கிடைத்தது பிடிஎஃப் மட்டும், அதுவும் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். "அம்மா" என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று விழுந்தால் அது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடு இல்லை. மின்னூலுக்கு முழுவதையும் மாற்றி, மறுபடி வரிவரியாக மெய்ப்புப் பார்த்தாக வேண்டும். யூனிகோடில் திறந்து திருத்தக்கூடிய கோப்பை இரண்டாம் தவணைக்கு முன்பே தருவோம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி வேண்டும்.