மாவுப்பூச்சியை அடக்க வெளிநாட்டுப் பொறிவண்டா, குளவியா?

சென்னையில் வெயில் ஏறினால் போதும், மொட்டைமாடிச் செம்பருத்திக் கொழுந்திலும் பப்பாளி இலைக்கு அடியிலும் வெள்ளைப் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி அப்பிக்கொள்ளும். மருந்தடிக்க மனமில்லாதவர்கள் அடுத்துக் கேட்பது, "பொறிவண்டு வாங்கி விடலாமா?" என்றுதான். விடலாம். ஆனால் விடுகிற பூச்சி வேறு எதையெல்லாம் தின்னும் என்று தெரிந்துகொண்டுதான் விட வேண்டும்.

ஹார்லெக்வின் பொறிவண்டு விஷயத்தில் இதைக் கவனிக்காமல் விட்டதன் பலனை ஐரோப்பா இன்னும் அனுபவிக்கிறது. கிழக்கு ஆசியப் பூச்சியான அதை, செடிச் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும் என்று கொண்டுபோய் விட்டார்கள். 2004-ல் பிரிட்டனுக்குள்ளும் நுழைந்துவிட்டது. அசுவினி குறைந்தால் மற்றப் பொறிவண்டுகளின் முட்டை, புழு எல்லாம் அதற்கு இரைதான். அதன் முட்டையை மற்றவை தின்றாலோ, அதிலுள்ள நச்சு அவற்றுக்கு ஆகாது. அங்கே சர்வசாதாரணமாக இருந்த இரண்டு புள்ளிப் பொறிவண்டு, இது வந்த 5 ஆண்டுகளில் 44 சதவீதம் குறைந்துபோனது.

இங்கே கடையில் கிடைக்கும் கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டு அவ்வளவு மோசமில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898-லேயே இந்தியாவுக்கு வந்தது. உடம்பு கறுப்பு, தலைப்பக்கம் செம்பழுப்பு. மாவுப்பூச்சிதான் இதற்கு முக்கிய உணவு. நம்மூர் ஆறுபுள்ளிப் பொறிவண்டு பெரும்பாலும் அசுவினியை நம்பி வாழ்வதால் இரண்டுக்கும் பெரிய போட்டி இல்லை. மாவுப்பூச்சியையே தின்னும் நம்மூர்க் குட்டி ஸ்கிம்னஸ் வண்டுகளோடுதான் இது இரையைப் பங்குபோட வேண்டியிருக்கும். இன்னொன்று, இதன் புழுவும் வெள்ளை மெழுகு இழைகளோடு மாவுப்பூச்சி போலவே இருக்கும். பெரிதாக, சுறுசுறுப்பாக ஊர்ந்தால் அது கிரிப்டோலேமஸ். தயவுசெய்து நசுக்கிவிடாதீர்கள். நாலைந்து தொட்டிக்காக இதை வாங்குவது வீண். இரை தீர்ந்ததும் பறந்துவிடும்.

என் ஓட்டு குளவிக்குத்தான். பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல் கோயம்புத்தூரில் தென்பட்டு பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று நாசம் செய்தபோது, 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்தார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. மாவுப்பூச்சிக் குஞ்சுக்குள் முட்டையிடும், உள்ளேயே வளர்ந்து ஓட்டை போட்டு வெளியே வரும். லென்ஸில் பாருங்கள்: உப்பிப் பழுப்பேறிய கூடும் அதில் வட்டமான ஓட்டையும் தெரிந்தால் குளவி ஏற்கெனவே உங்கள் மாடிக்கு வந்துவிட்டது. இது பொறிவண்டுகள் பக்கமே போகாது.

குறை என்னவென்றால், வேறு இன மாவுப்பூச்சி என்றால் இந்தக் குளவியால் பயனில்லை. எந்த இனம் என்று ஓரளவு கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பெரிய பூச்சி ஒன்றை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் போட்டு வையுங்கள். ஓரிரு நாளில் கருநீலமாக மாறினால் அது பப்பாளி மாவுப்பூச்சியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் பப்பாளியில் எதையும் தெளிக்காமல் குளவிக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். செம்பருத்தி வரிசை முழுக்க வேறு இனம் அப்பியிருந்தால் மட்டும் கிரிப்டோலேமஸ் வாங்கலாம். எதைத் தேர்ந்தாலும் முதலில் எறும்பைத் தடுக்க வேண்டும். தேன்போன்ற கழிவுக்காக அது மாவுப்பூச்சிக்குக் காவல் நின்று, வண்டையும் குளவியையும் விரட்டிவிடும். வேப்பெண்ணெய் சோப்புக் கரைசலைக்கூடச் செடி முழுக்க அடிக்காமல், பூச்சி அப்பிய இடத்தில் மட்டும் பஞ்சால் தொட்டு வையுங்கள். இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிமருந்து அடித்த செடியில் இரண்டில் எதை விட்டாலும் பிழைக்காது, நம்மூர்ப் பொறிவண்டும் சேர்ந்தே சாகும்.