டெபியன் 12-இல் பேக்போர்ட்ஸ்: நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் செகண்ட்ஹேண்ட் லேப்டாப் வாங்கி, லினக்ஸ் சிஸ்டமான டெபியன் 12 போட்டு, கடைக் கணக்குக்கும் தமிழ் டைப்பிங்குக்கும் ஓட்டுபவர்கள் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் உண்டு. அந்த மெஷின்களில் முக்கியமான தேவை இரண்டு: வைஃபை எடுக்க வேண்டும், ஆடிட்டர் அனுப்பும் எக்ஸெல் ஃபைல் ஒழுங்காகத் திறக்க வேண்டும். இதற்காக சிஸ்டத்தையே மாற்ற வேண்டாம். பேக்போர்ட்ஸ் போதும்.

அடுத்த வெளியீட்டுக்காகத் தயாராகும் புதிய பதிப்பை, கையிலிருக்கும் வெளியீட்டின் லைப்ரரிகளோடு மறுபடி கம்பைல் செய்து தருவதுதான் பேக்போர்ட்ஸ். தொகுப்புகள் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் சோர்ஸ் பட்டியலில் புக்வார்ம்-பேக்போர்ட்ஸ் வரியை (புக்வார்ம் என்பது டெபியன் 12-இன் பெயர்) சேர்த்து அப்டேட் கொடுத்தாலும் உடனே எதுவும் மாறாது. வழக்கமான தொகுப்புகளுக்கு, அவற்றை இறக்கி நிறுவும் கருவியான ஆப்ட் தரும் முன்னுரிமை 500, இதற்கு 100. நாம் பெயர் சொல்லிக் கேட்டதுதான் வரும், அதன்பின் அதற்கு மட்டும் அப்டேட் தொடரும். இந்த அடக்கத்துக்காகவே இதை நம்பலாம்.

முதலில் வைஃபை. ஹார்டுவேரை இயக்கும் அடிப்படைப் புரோகிராமான கெர்னல், டெபியன் 12-இல் 6.1. மலிவான லேப்டாப்களில் வரும் ரியல்டெக் 8852பிஇ சிப்புக்கு ஆதரவு சேர்ந்ததோ கெர்னல் 6.2-இல். அதனால் வைஃபை இருப்பதே சிஸ்டத்துக்குத் தெரியாது. ஃபோனை யூஎஸ்பி டெதரிங்கில் இணைத்து, பேக்போர்ட்ஸிலிருந்து 6.12 கெர்னலையும் சிப்புக்குள் ஓடும் ரியல்டெக் ஃபர்ம்வேரையும் சேர்த்தே இறக்குங்கள். சோர்ஸ் வரியில் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் பிரிவு இல்லாவிட்டால் ஃபர்ம்வேர் கிடைக்காது. என்விடியா போன்ற, ஒவ்வொரு கெர்னலுக்கும் புதிதாகக் கம்பைல் ஆகும் டிகேஎம்எஸ் டிரைவர் உள்ள மெஷினில், அதற்குத் தேவையான கெர்னல் ஹெடர்ஸும் அங்கிருந்தே வர வேண்டும். இல்லையென்றால் புதிய கெர்னலுக்கு மாட்யூல் உருவாகாது, ஸ்கிரீன் கறுப்பாகவே நிற்கலாம். பழைய கெர்னலை அழிக்காதீர்கள். மெஷின் தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் அதுதான் திரும்பிவரும் வழி. டிஸ்க்கை என்கிரிப்ட் செய்திருந்தால் பூட் பார்ட்டிஷன் தனியாக, சுமார் 500 எம்பிதான் இருக்கும். மூன்று கெர்னல் சேர்ந்தாலே நிரம்பிவிடக்கூடும், அப்டேட்டும் பாதியில் நின்றுபோகும். ஓடும் கெர்னல், அதற்கு முந்தையது, இந்த இரண்டு போதும்.

அடுத்து, எக்ஸெல் ஃபைலைத் திறக்கும் லிப்ரெஆஃபிஸ். டெபியன் 12-இல் வருவது 7.4. எக்ஸ்லுக்அப், ஃபில்டர், யுனீக் ஃபார்முலாக்கள் அதன் ஷீட் புரோகிராமான கால்க்கில் சேர்ந்தது 24.8-இல். அதனால் பழையதில் திறந்த ஷீட் முதலில் சரியாகத் தெரிந்தாலும், மறுகணக்கு ஓடியதும் அந்தக் கட்டங்களில் நேம் பிழை வரலாம். ரைட்டரை மட்டும் தனியாக உயர்த்தாதீர்கள். தமிழ் மொழித் தொகுப்பு உட்பட எல்லாத் துண்டும் ஒரே பதிப்பில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆப்ட் மற்றவற்றை நீக்கப் பார்க்கும். முதலில் சிமுலேஷனாக ஓட்டி, நீக்கப்படும் தொகுப்புகளின் பட்டியலைப் படியுங்கள். அது காலியாக இருந்தால் தொடரலாம். முடிந்ததும் ஷீட்டைத் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9 அழுத்தினால் முழுக் கணக்கும் புதிதாக ஓடும். இந்த ஒரு மாற்றத்துக்காகவே பேக்போர்ட்ஸைப் பரிந்துரைப்போம்.

யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் இன்ஸ்டால் நடக்கும்போது கரண்ட் போனால் பயப்பட வேண்டாம். ஆப்டுக்கு அடியில் தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜியின் கான்ஃபிகர் கட்டளையை எல்லாத் தொகுப்புக்கும் ஓட்டினால் பெரும்பாலும் விட்ட இடத்திலிருந்து முடித்துவிடும்.

பிரவுசருக்கு இந்த வழி தேவையில்லை. ஃபயர்ஃபாக்ஸ் இஎஸ்ஆர், குரோமியம் இரண்டும் செக்யூரிட்டி அப்டேட்டிலேயே வந்துவிடுகின்றன. பேக்போர்ட்ஸ் தொகுப்புகளை டெபியன் செக்யூரிட்டி குழு கவனிப்பதில்லை, அந்தந்தப் பராமரிப்பாளர்தான் கவனிக்கிறார். அதனால் கைவைக்கும் தொகுப்புகள் குறைவாக இருப்பதே நல்லது.

சிஸ்டத்தின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சி மட்டும் இந்த வழியில் வராது. டெபியன் 12-இல் அது 2.36. வெளியிலிருந்து இறக்கிய புரோகிராம் 2.38 கேட்டு நின்றால், டெபியன் 13-இன் ஜிலிப்சியை இழுத்துப் போடாதீர்கள். கிட்டத்தட்ட எல்லாப் புரோகிராமும் அதன்மேல்தான் நிற்கிறது, சிஸ்டம் இரண்டுங்கெட்டானாகிவிடும். சில ஜிபி இடம் இருந்தால் அந்தப் புரோகிராமை ஃபிளாட்பேக் வடிவில் போடுங்கள், அது தன் லைப்ரரிகளைத் தானே கொண்டுவரும்.

டெபியன் 13 வந்தது 2025 ஆகஸ்ட் 9-இல். புதிய வெளியீடு வந்தபின் பழையதற்கான பேக்போர்ட்ஸ் சுமார் ஓராண்டுதான் தொடரும், நீண்டகால ஆதரவான எல்டிஎஸ்ஸிலும் அது சேராது. 13-க்குப் போகும்போது இந்தத் தொகுப்புகள் தடையாக இருக்காது. பதிப்பு எண்ணோடு ஒட்டியிருக்கும் டில்டே (~) குறியால் ஆப்ட் அவற்றை 13-இன் அதே பதிப்பைவிடச் சிறியதாகவே கணக்கிடும், தானாக மாற்றிவிடும். சோர்ஸ் பட்டியலில் புக்வார்ம்-பேக்போர்ட்ஸ் வரியை மட்டும் முதலில் எடுத்துவிடுங்கள்.