கணவருக்குக் கொடுத்த கெலக்ஸி ஏ15: கந்தப்பளையிலிருந்து ஒரு மதிப்பீடு

மரக்கறித் தோட்டத்தில் பொழுதுக்கும் நிற்கும் என் கணவருக்கு நான் வாங்கிக் கொடுத்தது சாம்சங் கெலக்ஸி ஏ15, 4ஜி வகை. 2023 டிசம்பரில் வெளிவந்த இந்தக் கைப்பேசியைப் பற்றிய மதிப்பீடுகள் ஏராளமாக உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் வாங்குகிறவரே பாவிக்கப் போகிறார் என்று எண்ணி எழுதப்பட்டவை. பழைய போனின் பழக்கத்தில் ஊறிப்போன ஒருவரின் கையில் புதியதைக் கொடுக்கும்போது, கெமரா எத்தனை மெகாபிக்சல் என்பதைவிட, அது அவருடைய கைக்கும் வேலைக்கும் எவ்வளவு விரைவில் பழகும் என்பதே முக்கியம். அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் இது நல்ல கைப்பேசி. ஆனால் பெட்டியைத் திறந்தவுடன் அப்படியே கொடுத்துவிடக் கூடியதன்று.

வாங்கும் இடத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். இலங்கையில் விற்கப்படும் கைப்பேசி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவானதா என்று காசு கொடுப்பதற்கு முன்னரே பார்த்துவிட வேண்டும். ஒவ்வொரு போனுக்கும் தனித்தனியாக உள்ள அடையாள இலக்கமே ஐஎம்இஐ. பெட்டியில் அச்சிட்டிருக்கும் அந்த 15 இலக்க எண்ணை, முன்னால் ஐஎம்இஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் இடைவெளியையும் இட்டு, 1909 இற்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால் பதில் வந்துவிடும். நுவரெலியா நகரில் நான் முதலில் நுழைந்த கடையில் இதைச் செய்து பார்க்கக் கேட்டதும், "அதெல்லாம் தேவையில்லை, நாங்கள் உத்தரவாதம் தருகிறோம்" என்று பெட்டியைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டார்கள். விலை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை என்று, தயங்காமல் இலக்கத்தைக் காட்டிய வேறொரு கடையில்தான் வாங்கினேன். பதிவில்லாத போனை ஒருவருக்குப் பரிசாகக் கொடுத்தால், பின்னாளில் வரும் சிக்கலையும் சேர்த்தே அவருக்குக் கொடுக்கிறோம்.

இதன் 6.5 அங்குல அமோலெட் திரை வெயிலிலும் தெளிவாகத் தெரிகிறது. எங்கள் பக்கத்தில் வெயிலைவிட மழையும் மூடுபனியுமே அதிகம். இந்த மாதிரிக்கு நீர் எதிர்ப்புத் தரச் சான்று கிடையாது என்பதை வாங்கும்போதே மனதில் கொள்ள வேண்டும். லீக்ஸ் பாத்தியில் நிற்கும்போது அவர் போனை மெல்லிய பொலித்தீன் பையில் சுற்றியே சட்டைப்பையில் வைக்கிறார். பையின் மேலாகத் தொட்டாலும் திரை இயங்குகிறது. ஆனால் பையின் மேல் மழைத்துளி விழுந்துவிட்டால் எங்கோ தொட எங்கோ திறக்கிறது.

விரலடையாளப் பூட்டு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பக்கவாட்டுப் பொத்தானில் அது இருக்கிறது. என் விரலைச் சோதனைக்காக வைத்தபோது உடனே திறந்தது. அவருடைய விரல்களோ மண்வெட்டிப் பிடியில் காய்த்து, நுனியில் ரேகை தேய்ந்து, நகக்கண்களில் மண்ணின் கருமை ஏறியவை. மண்ணில் வேலை செய்யும் கைகளுக்கு எந்தக் கைப்பேசியின் விரலடையாளமும் இப்படித்தான் சிரமம் தரும். ஒரே விரலை இரண்டு தடவை தனித்தனியாகப் பதிவு செய்தோம். அதிகம் தேயாத இடது மோதிர விரலையும் சேர்த்தோம். மாலையில் கை கழுவிய பிறகு திறக்கிறது, பகலில் சில நேரம் மறுக்கிறது. "நம்பரே போட்டுக்கிறேன், விடு புள்ள" என்று அவர் இலக்கப் பூட்டுக்குப் போய்விட்டார். தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களுக்கோ செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவர்களுக்கோ வாங்கிக் கொடுப்பவர்கள் விரலடையாளத்தை நம்பி விலை கூடிய மாதிரியைத் தேட வேண்டியதில்லை.

பழைய போனிலிருந்து வட்ஸ்அப்பை மாற்றுவதே இந்தப் பரிசின் மிக நுட்பமான கட்டம். தம்புள்ளை வியாபாரிகள் இரவில் அனுப்பும் விலைக் குரல்பதிவுகள், லொறிக்காரர்களின் இலக்கங்கள், விதைக்காரருடன் பேசிய கணக்குகள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. கூகுள் டிரைவில் ஏற்றி மீண்டும் இறக்கினால் மாத டேட்டாவின் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும். அதற்குப் பதிலாக, 2023 இல் வட்ஸ்அப் கொண்டுவந்த நேரடி மாற்றம் இருக்கிறது. இரண்டு அன்ட்ரொயிட் போன்களிலும் வைஃபையையும் இருப்பிடத்தையும் இயக்கி, பழையதன் வட்ஸ்அப் அமைப்புகளில் உரையாடல்கள் பகுதிக்குப் போய், புதியதன் திரையில் தோன்றும் கியூஆர் சதுரத்தைப் பழையதன் கெமராவால் பிடித்தால் போதும். கோப்புகள் ஒரு போனிலிருந்து மற்றதற்கு நேராகவே போகின்றன. முழுவதும் வந்து சேர்ந்ததை அவரே திறந்து கேட்டு உறுதிப்படுத்தும்வரை பழைய போனை அழிக்க விடாதீர்கள். அதே சிம், அதே இலக்கம், அதே பழைய குரல்கள் என்று கண்ட பிறகுதான் அவர் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது.

கூகுள் கணக்கு விடயத்தில் என் கருத்து உறுதியானது. எங்கள் ஊரில் மனைவியின் போனில் கணவரின் கணக்கும், தந்தையின் போனில் மகனின் கணக்கும் இருப்பதைப் பரவலாகக் காண்கிறேன். அது அப்போதைக்கு இலகு. ஆனால் போனை முழுதாக அழித்து மீள இயக்க நேர்ந்தால், பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு அது பூட்டிக்கொள்ளக்கூடும். அதுவரை உங்கள் தொடர்பிலக்கங்களும் படங்களும் அவருடையவற்றோடு கலந்து கிடக்கும். ஆகவே அவருடைய பெயரில், அவருடைய இலக்கத்தைக் கொண்டு புதிய கணக்கைத் திறந்தோம். கடவுச்சொல்லை அவரே தெரிவு செய்து, தன் விதைக் கணக்குக் கொப்பியின் உள்ளட்டையில் எழுதி, கொப்பியை அலுமாரியில் வைத்துப் பூட்டினார். வட்ஸ்அப்பின் இரட்டைச் சரிபார்ப்பு இலக்கத்தையும் அவரே இட்டார். நான் அவற்றைக் கேட்கவில்லை. கொடுத்துவிட்ட பிறகு அது அவருடைய பொருள். வாங்கியவர் என்ற உரிமையில் திறந்து பார்ப்பது பரிசாகாது.

எழுத்துகளைப் பெரிதாக்கி, எளிய பயன்முறையை இயக்கினால் முகப்புத் திரையில் பெரிய படக்குறிகள் வந்துவிடும். விசைப்பலகைக்குக் கூகுளின் ஜிபோர்டை நிறுவிக் குரல் உள்ளீட்டில் தமிழ் (இலங்கை) என்பதைத் தெரிவு செய்து கொடுத்தேன். இந்தப் போனில் அவர் மிகவும் விரும்பிய வசதி இதுவே. பாத்தியின் ஓரத்தில் நின்று, கையில் சேறு உலராமலிருக்க, "கரட் நாளைக்குக் காலையில ஏத்தலாம், சாக்கு அனுப்புங்க" என்று சொன்னதும் எழுத்தாக வந்து நின்றதை என்னிடம் ஓடிவந்து காட்டினார். காற்று பலமாக வீசும்போது சொற்கள் பிசகுகின்றன. அனுப்பும் முன் வாசித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

50 மெகாபிக்சல் கெமராவின் பயன் எங்களுக்கு விழாப் படங்களில் இல்லை. உருளைக்கிழங்கு இலையில் கருகல் தெரிந்த அன்று அவர் எடுத்த படத்தில் இலையின் அடியிலிருந்த வெண்பூஞ்சணம்கூடத் தெளிவாக இருந்தது. விவசாயத் திணைக்களத்தின் 1920 ஆலோசனைச் சேவைக்கு அழைக்கும்போது, பெரிதாக்கிய படத்தைப் பார்த்துப் பார்த்து விவரம் சொன்னார். இருட்டில் எடுக்கும் படங்கள் சுமார்தான்.

5000 எம்ஏஎச் பட்டரி வீட்டில் தாராளமாகப் போதும். பள்ளத்திலுள்ள தோட்டத்தில் சிக்னல் குறைவதால் போன் அதைத் தேடித் தேடியே சார்ஜை இழக்கிறது. அங்கே மாலைவரை தாங்கினால் நல்லது. நான் வாங்கிய பெட்டிக்குள் கேபிள் மட்டுமே இருந்தது. 25 வொட் சார்ஜரைத் தனியே வாங்க வேண்டியிருப்பதால் அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும் என்பது நிறுவனத்தின் வாக்குறுதி. அது போன் வெளிவந்த காலத்திலிருந்து எண்ணப்படுவது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல.

மலையகத்தில் வீட்டில் ஒரு வலையமைப்பும் வேலையிடத்தில் மற்றொன்றும் எடுப்பது வழமை என்பதால், இரண்டு சிம்மும் கட்டாயம் தேவைப்படும். இந்தப் போனில் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே இடம்தான். ஒன்றைப் போட்டால் மற்றதற்கு இடமில்லை. எனவே கார்ட் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்கிடாமல், போனிலேயே உள்ள 128 ஜிபி சேமிப்பிடம் போதுமா என்று பாருங்கள். ரெம் என்பது சேமிப்பிடம் அன்று, போன் தடங்காமல் இயங்குவதற்கானது. அதில் 4 ஜிபி உள்ளதை விட்டு 6 ஜிபி உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.