ஏஐ போட்டிக்கு எதை எடுப்பது: சந்தை விலையா, ஏற்காட்டுக் காபியா, குச்சிக்கிழங்கா?

பல்கலைக்கழகப் புத்தாக்கப் போட்டியில் டேட்டா, ஏஐ பிரிவுக்குப் பெயர் கொடுக்கும் சேலத்துப் பிள்ளைகளிடம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் மூன்று தலைப்பில்தான் வந்து நிற்கிறார்கள். சந்தை விலைக் கணிப்பு, ஏற்காட்டுக் காபிச் செடி நோய், மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கு. மூன்றுமே நம் ஊர் விஷயம் என்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் ஒரு செமஸ்டருக்குள் முடித்து, நடுவர் கேட்கும் கேள்விக்குப் பதிலும் சொல்ல வேண்டும் என்றால் என் ஓட்டு குச்சிக்கிழங்குக்குத்தான். அதிலும் எல்லோரும் ஓடிப்போய் எடுக்கும் இலை போட்டோவுக்கு இல்லை.

விலைக் கணிப்பை முதலில் முடித்துவிடலாம். அரசின் அக்மார்க்நெட் தளத்தில் தினசரிச் சந்தை விலை இலவசமாகக் கிடைக்கிறது, தக்காளி விலையை இறக்கி ஒரு மாடலில் ஊட்டினால் இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டு போகிற மாதிரி அழகான வரைபடம் வரும். நடுவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: நேற்றைய விலையையே இன்றைக்கும் என்று சொல்லியிருந்தால் எவ்வளவு பிழை வந்திருக்கும்? அந்த எண்ணை உங்கள் மாடல் தாண்டவில்லை என்றால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. பெரும்பாலும் தாண்டாது, ஏனென்றால் விலையை ஏற்றி இறக்கும் மழையும் நாளைக்கு வரப்போகும் வரத்தும் அந்த டேட்டாவுக்குள் இல்லை.

காபி மனதுக்குப் பிடித்த தலைப்பு. மலை ஏறிப் போய் நிழல் மரங்களுக்கு அடியில் அராபிகா இலையைத் திருப்பினால், இலைத்துரு பிடித்திருந்தால் அடிப்பக்கத்தில் ஆரஞ்சுப் பொடி அப்பியிருக்கும், போட்டோவில் நன்றாகவே தெரியும். சிக்கல் என்னவென்றால், ஏற்காட்டில் அராபிகாக்காரர்களுக்குப் பெரிய பயம் வெள்ளைத் தண்டு துளைப்பான். புழு தண்டுக்குள்ளே இருந்து குடைகிறது, இலை வாடி மஞ்சளாகும்போது செடி பாதி போய்விட்டிருக்கும். தண்டில் மேடு மேடாகத் தெரிகிறதா என்று ஆள் விட்டுப் பார்த்து, பாதித்த செடியைப் பிடுங்குவதுதான் இன்றைக்கும் நடக்கும் வழி. அப்படியானால் தண்டைத்தான் படம் பிடிக்க வேண்டும். அதற்கு ஆயத்த டேட்டாசெட்டை நம்பி இறங்க முடியாது. ஈக்வடாரில் எடுத்த ரோகோல் தொகுப்பில் 1,560 படம் உண்டு, ஆனால் அது ரொபஸ்டா இலை. நீங்களேதான் சேகரிக்க வேண்டும், எஸ்டேட் அனுமதி வாங்க வேண்டும், பழம் பறிக்கும் மாதங்களில் உங்களோடு நடந்து வந்து காட்ட அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. இரண்டு வருட ஆராய்ச்சிக்கு அருமையான வேலை, போட்டிக்கு நீளம் அதிகம்.

சரி, மரவள்ளி. இலை போட்டோ செய்கிறவர்கள் அநேகமாக காகிள் என்ற டேட்டா போட்டித் தளத்தில் 2020-ல் வந்த மரவள்ளிப் போட்டி டேட்டாவை எடுப்பார்கள். உகாண்டாவின் மக்கரேரே பல்கலைக்கழக ஏஐ ஆய்வகம் கொடுத்தது, 21 ஆயிரத்துக்கும் மேல் படங்கள், ஐந்து வகை. அதில் 13,158 படம் தேமல் நோய், அதாவது 61 சதவீதம். எதைக் காட்டினாலும் தேமல் என்று சொல்லும் மாடலுக்கே 61 மதிப்பெண் வந்துவிடும், ஆகவே 80, 85 என்று பெருமையாகப் போடும்போது இதையும் பக்கத்தில் போடுங்கள். அந்த ஐந்தில் இருக்கும் பழுப்புக் கீற்று நோய் நம் பக்கம் கிடையாது. 2020-ல் இந்தியாவுக்குள் வந்து நம் கிழங்குக் காடுகளை ஆட்டிவைத்த மாவுப்பூச்சி அதில் இல்லை. இன்னொன்று, பிளான்ட்வில்லேஜ் என்ற இலைப் படத் தொகுப்பை வைத்து 2016-ல் வந்த ஆய்வில் 99.35 சதவீதம் காட்டிய மாடல், வேறு சூழலில் எடுத்த படங்களில் 31 சதவீதம் அளவுக்கு இறங்கியது. இதெல்லாம் போகட்டும், தேமல் பிடித்த செடியை ஆத்தூர்ப் பக்கத்து விவசாயி வண்டியில் போகும்போதே கண்டுபிடித்துவிடுவார். அவருக்கு அதைச் சொல்ல போன் எதற்கு?

அவருக்குத் தெரியாமல் தவிப்பது பாயிண்ட். சேகோ, அதாவது ஜவ்வரிசி ஆலையில் கிழங்குக்கு விலை மாவுச்சத்துப் புள்ளியை வைத்துத்தான். இன்றைக்குப் பிடுங்கினால் எத்தனை பாயிண்ட் வரும், இன்னும் ஒரு மாதம் விட்டால் ஏறுமா, நடுவில் மழை பெய்து செடி துளிர்த்தால் எவ்வளவு இறங்கும் என்பதுதான் அவர் பணம். லோடு ஆலை வாசலுக்குப் போன பிறகு தெரிந்து என்ன பயன்?

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, லேபிளை, அதாவது மாடலுக்குக் கற்றுத்தர வேண்டிய சரியான விடையை, நீங்களே உண்டாக்கலாம். மாதிரிக் கிழங்கைக் கழுவி முதலில் காற்றில் எடை போட வேண்டும், அப்புறம் கூடையோடு தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை போட வேண்டும். கூடையின் எடையை மறக்காமல் கழியுங்கள். 5 கிலோ கிழங்கு தண்ணீரில் 500 கிராம் காட்டினால் அடர்த்தி எண், 5-ஐ தண்ணீரில் குறைந்த 4.5 கிலோவால் வகுத்து, 1.11. மாவு கூடக்கூட இந்த எண்ணும் கூடும். தொங்கு தராசும் டிரம்மும் போதும். கூடவே ரகம், நட்ட தேதி, பாசனம், கடைசி முப்பது நாள் மழை, மண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முள்ளுவாடி ரகத்தையும் குங்குமரோஸ் ரகத்தையும் ஒரே கணக்கில் கலக்காதீர்கள். சந்தேகம் வந்தால் ஏத்தாப்பூரில் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

இருநூறு காட்டின் அளவுகள் சேர்ந்தாலே, அடர்த்தி எண்ணைக் கணிக்கும் எளிய ரெக்ரஷன் ஒன்று ஓட்டிப் பார்க்கலாம், டீப் லேர்னிங் வேண்டாம். சோதனைக்குப் பிரிக்கும்போது மட்டும் ஊர்வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே காட்டில் எடுத்த இரண்டு மாதிரியில் ஒன்று பயிற்சியிலும் மற்றொன்று சோதனையிலும் விழுந்தால் வரும் மதிப்பெண்ணை நம்ப முடியாது.