தோல் சட்டையா, துண்டறிக்கையா? போர்க்கால ஜெர்மானியச் சேகரிப்பில் ஓர் ஒப்பீடு

இரண்டாம் உலகப் போர்க்காலப் பொருட்களைச் சேகரிக்கத் தொடங்குபவரின் கண் வட ஜெர்மனியில் பெரும்பாலும் இரண்டின் மீது விழும். ஒன்று, நீர்மூழ்கிக் கப்பல் மாலுமிகள் அணிந்ததாகச் சொல்லப்படும் சாம்பல் நிறத் தோல் சட்டை. மற்றொன்று, நேச நாட்டு விமானங்கள் ஜெர்மனியின் மீது கொட்டிய பிரச்சாரத் துண்டறிக்கை. நான் இரண்டையும் வாங்கியவன். ஆனால் சீருடை ஒன்றே ஒன்றுதான், துண்டறிக்கைகள் நூற்றுக்கும் மேல். ஆகவே என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நியாயம்.

விலையையும் இடத்தையும் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒரு சட்டையின் விலைக்கு ஒரு பெட்டி நிறையத் துண்டறிக்கைகள் கிடைக்கும். அந்தப் பெட்டி கட்டிலுக்கு அடியில் அடங்கிவிடும். பராமரிப்பிலும் காகிதம் எளிது. கம்பி மாட்டியில் தொங்கும் தோல் சட்டை தோள்பட்டையில் இழுபட்டு விரிசல் விடும். கம்பளி உள்துணியை அந்துப்பூச்சி அரிக்கும். போர்க்காலக் காகிதமோ மட்டமானது, வெளிச்சம் பட்டால் பழுத்து நொறுங்கும் என்றாலும், பாலியெஸ்டர் உறையில் இருட்டில் வைத்தால் போதும். கடையில் கிடைக்கும் மலிவான பி.வி.சி. உறைகளை மட்டும் தொடாதீர்கள். ஜெர்மானியச் சட்டம் ஸ்வஸ்திகா சின்னத்தைப் பொது இடத்தில் காட்டத் தடை விதிப்பதால், கழுகுச் சின்னம் தைத்த சீருடையைப் படமெடுத்து விற்பனைக்கு வைக்கும்போது அதை மறைத்தே காட்டுவார்கள். நேச நாட்டுத் துண்டறிக்கைகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

இவை எல்லாம் இரண்டாம் பட்சம். என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது ஒன்றுதான்: கையில் உள்ள பொருள் தன்னைத் தானே நிரூபித்துக்கொள்ளுமா, அல்லது விற்பவர் சொல்லும் கதையை நம்பித்தான் நிற்கிறதா?

நீர்மூழ்கிகளில் பணியாற்றிய ஏறக்குறைய 40,000 பேரில் 28,000 முதல் 30,000 பேர் வரை உயிரிழந்தார்கள். அவர்கள் உடுத்தியிருந்தவை அவர்களோடு அட்லாண்டிக்கின் அடியில் போயின. மிஞ்சியவை குறைவு, தேடுபவர்களோ ஏராளம் என்னும்போது என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் முழுப் போலியைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம். உண்மையான சட்டைதான் பெரிய சிக்கல். அந்தச் சாம்பல் நிறத் தோல் உடை நீர்மூழ்கிக்கென்றே தைக்கப்பட்டதல்ல. நாசகாரிக் கப்பல்களிலும் விரைவுத் தாக்குதல் படகுகளிலும் பொறி அறையில் இருந்தவர்களும் அதையே அணிந்தார்கள். சட்டையின் உள்ளே கீல் அல்லது வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் என்ற துறைமுக நகரங்களில் இருந்த கடற்படைக் கிடங்கின் முத்திரை இருந்தால், அது கடற்படைக்கு உரியது என்பது தெரியும். அணிந்தவன் கடலுக்கு அடியில் போனானா, மேலேயே நின்றானா என்பது தெரியாது. துணி உடைகளில் நிலைமை இன்னும் மோசம். 1940-இல் பிரான்சில் கைப்பற்றிய பிரிட்டிஷ் படை உடைகளையே நீர்மூழ்கி மாலுமிகளுக்குக் கொடுத்தார்கள் என்பது வரலாறு. அதைப் படித்த எவரும் ஒரு பழைய பிரிட்டிஷ் சட்டையில் ஜெர்மானியப் பொத்தானைத் தைத்து விலையை ஐந்து மடங்கு ஆக்கலாம்.

நான் ஏமாந்தது இப்படித்தான். ஒரு வியாபாரியிடம் வாங்கிய தோல் சட்டையின் உட்பையில் மாலுமியின் பெயரும் எண்ணும் எழுதிய துணிப்பட்டை இருந்தது. வீட்டுக்கு வந்து புற ஊதா விளக்கை அடித்தேன். தோலும் உள்துணியும் மங்கலாகவே கிடந்தன. அந்தப் பட்டையைத் தைத்த நூல் மட்டும் நீலமாக ஒளிர்ந்தது, அதாவது அது போருக்குப் பிந்தைய நூல். சட்டை உண்மையானது, நீர்மூழ்கிதான் பொய். இந்தச் சோதனையையும் முழுதாக நம்ப முடியாது: போருக்குப் பின் யாராவது இக்காலச் சலவைத் தூளில் துவைத்திருந்தால் அசல் துணியும் ஒளிரும். ஒரே ஒரு சட்டையின் அனுபவத்தை வைத்துக்கொண்டு எல்லாச் சீருடை வியாபாரத்தையும் நான் எடைபோடவில்லை. குடும்பத்தாரிடமிருந்து படைவீரர் கையேட்டோடும் புகைப்படங்களோடும் நேரடியாகப் பெற்றவர்கள் வேறு விதமாகப் பேசக்கூடும்.

துண்டறிக்கையில் அதே விளக்கு வெகு சுலபமாகத் தீர்ப்புச் சொல்லும். காகிதத்தை வெண்மையாக்கும் ஒளிரூட்டிகள் பரவலானது போருக்குப் பிறகுதான். ஒளிரும் தாள் 1944-இல் வானத்திலிருந்து விழுந்திருக்க வாய்ப்பில்லை. அதோடு, தாள் தன் பிறப்புச் சான்றிதழைத் தன் மேலேயே சுமக்கிறது. மூலையில் பொடியெழுத்தில் ஒரு குறியீடு இருக்கும்: போரின் தொடக்க மாதங்களில் ‘ஈ.எச்.’, பின்னாளில் நேச நாட்டுத் தலைமையகத்தின் ‘இசட்.ஜி.’ என்பன போல. அந்த எண்ணைப் பட்டியல்களோடு ஒப்பிட்டால் யார் அச்சிட்டது, எப்போது வீசியது என்பது தெரிந்துவிடும். சரணடைபவருக்குப் பாதுகாப்பு உறுதி தரும் ‘பாசியர்ஷைன்’ என்ற சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இசட்.ஜி. 61’ என்ற எண்ணுள்ளதில் அமெரிக்க, பிரிட்டிஷ் அரசுச் சின்னங்களும் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசனோவரின் கையொப்பமும், ஏதோ பங்குப் பத்திரம் போன்ற தோரணையில் அச்சிடப்பட்டிருக்கும். அரசு முத்திரைக்கு மதிப்புக் கொடுத்துப் பழகிய ஒரு படைவீரனை அந்தத் தோரணையே நம்ப வைக்கும் என்பது கணக்கு.

கோடிக்கணக்கில் அச்சிட்ட காகிதத்துக்கு என்ன அருமை என்று கேட்கலாம், நானும் கேட்டிருக்கிறேன். பிரிட்டன் போரில் இறங்கிய முதல் இரவிலேயே, 1939 செப்டம்பர் 3-இல், பிரிட்டிஷ் விமானங்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்களை வீசின. பின்னர் வந்த, துண்டறிக்கைகளை வானில் சிதறவிடும் மன்றோ குண்டு ஒன்றில் மட்டும் 80,000 தாள்கள் அடைத்தார்கள். ஆனால் கீழே விழுந்ததைப் பொறுக்கியவர் அதை அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஒளித்து வைப்பது ஆபத்து. என்னிடமுள்ள ஒரு தாள் நான்காக மடிக்கப்பட்டு, மடிப்பு முனைகள் தேய்ந்து ஓட்டையாகியிருக்கிறது. பின்பக்கத்தில் பென்சிலில் ‘கெஃபுண்டன்’, அதாவது ‘கிடைத்தது’, என்ற ஒரே சொல். பென்சில் எழுத்தை யாரும் எழுதலாம் என்பதால் அதற்கு நான் கூடுதலாக ஒரு காசும் கொடுக்கவில்லை.

பொதுவாகக் கிடைக்கும் தாளை விற்றால் பெரிய லாபம் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆயினும் குறியீட்டு எண்ணைச் சொன்னால் போதும், வாங்குபவர் பேரம் பேசுவாரே தவிர சந்தேகப்படுவதில்லை. சட்டையைச் சென்ற ஆண்டு விற்றேன். விளம்பரத்தில் ‘ஜெர்மானியக் கடற்படைத் தோல் சட்டை, பெயர்ப்பட்டை பிற்காலத்தில் தைத்தது’ என்று எழுதியிருந்தேன். கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. வாங்க வந்தவர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, “ஒருவேளை நீர்மூழ்கிச் சட்டையாக இருக்கலாம் இல்லையா?” என்று கேட்டார், பட்டையைப் பிரித்து எடுத்து என்னிடமே வைத்துக்கொண்டு சட்டையை மட்டும் கொடுத்தேன்.